சுங்கை சிப்புட் பாலாயிலிருந்து மியாவடி எவ்வளவு தூரம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலிருந்து மியாவடியின் எதிர்க்கரை வரை போக மலேசியருக்கு விசா தேவையில்லை. ஈப்போவிலோ பட்டர்வொர்த்திலோ பஸ் ஏறி, புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் கடப்பிதழில் ஒரு முத்திரை வாங்கி, ஹாட்யாய் வழியாகப் பாங்காக் போய்விடலாம். விமானம் என்றால் இன்னும் சுலபம். பாங்காக்கிலிருந்து வேனில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வடமேற்கே போனால் மே சொட் என்ற தாய்லாந்து எல்லை ஊர். அதை ஒட்டி மொய் ஆறு ஓடுகிறது. வறண்ட மாதங்களில் சில இடங்களில் நடந்தே கடக்கலாம். அக்கரைதான் மியன்மாரின் மியாவடி; வேலை என்று அழைத்துப் போனவர்களை அடைத்துவைத்து இணைய மோசடி செய்யவைக்கும் கும்பல்களின் வளாகங்கள் அங்கேதான் இருக்கின்றன.

இந்தப் பயணத்தில் ஆற்றங்கரை வரை நடப்பது எல்லாமே சட்டப்படியானது. மலேசியப் பையன் சுற்றுலாப் பயணியாகத் தாய்லாந்துக்குள் போகிறான். அவனைத் தடுக்க எல்லை அதிகாரிக்குக் காரணம் ஏதும் இல்லை. குற்றம் கடைசிச் சில நூறு மீட்டரில்தான் நடக்கிறது. அதுவும் இரவில், முத்திரை இல்லாமல். "ஏர்போர்ட்டிலேயே பிடித்திருக்கலாமே" என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். ஆனால் பிடிப்பதற்கு அங்கே எதுவும் இல்லை என்பதே இந்த வலையின் கெட்டிக்காரத்தனம்.

ஆள் சேர்ப்பவர்கள் தோட்டப்புற ஊர்களைக் குறிவைப்பதில் ஆச்சரியமில்லை. லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகள்) விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதி) வந்த குடும்பங்களின் பிள்ளைகள், எஸ்பிஎம் என்ற பள்ளியிறுதித் தேர்வை முடித்து தொழிற்சாலை ஷிப்டில் நிற்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 வெள்ளி (ரிங்கிட்). மோட்டார் தவணையும் வீட்டு வாடகையும் போக மிஞ்சுவது சொற்பம். டெலிகிராமிலோ பேஸ்புக்கிலோ வரும் விளம்பரம் அதைப்போல மூன்று மடங்கு காட்டுகிறது: கஸ்டமர் சர்வீஸ், அனுபவம் வேண்டாம், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம், டிக்கெட் நாங்களே எடுக்கிறோம். பல சமயம் அதை அனுப்புவது முகம் தெரியாத ஆள் அல்ல, பள்ளியில் ஒன்றாகப் படித்தவன். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குக் கமிஷன் உண்டு.

போய்ச் சேர்ந்த பின் நடப்பதை நாளிதழ்களில் எல்லோரும் படித்திருக்கிறோம். கடப்பிதழ் பறிபோகும், உயர்ந்த மதில், முள்வேலி, கையில் ஆயுதத்தோடு காவல், நாளெல்லாம் போலிக் காதல், போலி முதலீடு என்று உலகெங்கும் ஆட்களை ஏமாற்றும் வேலை, இலக்கை எட்டாவிட்டால் அடி. ஐநா மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கை, மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்படும் நிலையில் இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

இதை ஆள்கடத்தல் என்று சட்டம் எப்படிச் சொல்கிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குழப்பம் தொடங்குவதே இங்குதான். "அவனாத்தானே போனான், யாரு இழுத்துக்கிட்டுப் போனா?" என்பது வீட்டிலும் பாலாயிலும் (போலீஸ் நிலையம்) முதலில் வரும் பேச்சு. ஐநாவின் 2000ஆம் ஆண்டுப் பலெர்மோ நெறிமுறை மூன்று கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது. ஆளைச் சேர்த்தது, கொண்டுபோனது அல்லது அடைத்துவைத்தது என்ற செயல். மிரட்டல், ஏமாற்று, பலவீனத்தைப் பயன்படுத்துதல் போன்ற வழி. சுரண்டுவது என்ற நோக்கம். மூன்றும் சேர்ந்துவிட்டால் அவன் ஆரம்பத்தில் சம்மதித்தான் என்ற வாதம் செல்லாது. மலேசியா இந்த நெறிமுறையில் 2009இல் இணைந்தது. அதற்கு முன்பே 2007இல் ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அட்டிப்சோம் என்று அதிகாரிகள் சுருக்கமாகச் சொல்வது அதைத்தான். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் குற்றவாளிக்குத் தற்காப்பு ஆகாது என்பது அதன் 16ஆவது பிரிவு. தாய்லாந்து, மியன்மார், கம்போடியா மூன்றும் அதே நெறிமுறையை ஏற்றுக்கொண்டவை. ஆக, காகிதத்தில் வழி முழுக்கத் திறந்தே இருக்கிறது.

ஆனால் மியாவடியின் பெரும்பகுதியில் மியன்மார் தலைநகர் நேப்பிடோவில் இருக்கும் அரசின் கை நீளவில்லை. முன்பு ராணுவத்தின் கீழ் எல்லைக் காவல் படையாக இருந்து, 2024இல் கரேன் தேசிய ராணுவம் என்று பெயர் மாற்றிக்கொண்ட ஆயுதக் குழுதான் அங்கே அதிகாரம் செலுத்துகிறது. அதன் தலைவர் சோ சிட் து மீது அமெரிக்கா 2025 மே மாதம் தடை விதித்தது. தூதரகங்களுக்கு இடையிலான ஒத்துழைப்பு ஓர் அரசு இன்னோர் அரசிடம் கேட்பது. 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உடன்படிக்கையின் 36ஆவது விதிப்படி, ஒரு நாடு வெளிநாட்டவரைப் பிடித்துவைத்தால், அவர் விரும்பினால் அவரது தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். பிடித்துவைத்திருப்பது கும்பல் என்றால் அந்த விதியை யாரிடம் காட்டுவது? யாங்கூனில் உள்ள மலேசியத் தூதரகம் கடிதம் எழுதலாம். கடிதத்தைப் பெறும் அமைச்சிடம் அந்த மதிலின் சாவி இல்லை.

கும்பலின் கழுத்தைப் பிடித்தது வேறு விஷயம். 2025 பிப்ரவரி 5ஆம் தேதி தாய்லாந்து, எல்லைக்கு அப்பால் உள்ள ஐந்து இடங்களுக்குப் போய்க்கொண்டிருந்த மின்சாரத்தையும் இணையத்தையும் எரிபொருளையும் நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம் சீன நடிகர் ஒருவர் மே சொட் வழியாகக் கடத்தப்பட்டு மீட்கப்பட்டிருந்தார், சீனச் சுற்றுலாப் பயணிகள் தாய்லாந்தைத் தவிர்க்கத் தொடங்கினார்கள், பெய்ஜிங் நெருக்கியது. அடுத்த சில வாரங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் மியாவடி வளாகங்களிலிருந்து வெளியே வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் கூட்டறிக்கைகள் செய்யாததை ஒரு மின்கம்பி செய்தது. அதைக் கொண்டாடவும் முடியவில்லை: ஆற்றின் இக்கரையில் எல்லோரையும் விசாரித்துத் தங்கவைக்க இடமில்லாமல், வெளியே வந்தவர்களில் பலர் மியன்மார் பக்கத் தற்காலிக முகாம்களிலேயே வாரக்கணக்கில் கிடந்தார்கள்.

பிராந்தியப் பாதுகாப்பு என்ற சொல்லுக்கு சுங்கை சிப்புட்டில் பழைய பொருள் ஒன்று உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி இந்த ஊரை ஒட்டிய தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்றைய ஆபத்து காட்டுக்குள் இருந்தது; முள்வேலியும் ஊரடங்கும் போட்டார்கள். இன்றைய ஆபத்து கைப்பேசிக்குள் இருக்கிறது. அதை எதிர்கொள்ளும் முதல் ஆயுதம் பாலாயில் தட்டச்சு செய்யப்படும் ஒரு பக்கம்.

அந்தப் பக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புகாரை எந்தப் பாலாயிலும் கொடுக்கலாம். வேறு ஊருக்குப் போகச் சொன்னால் கேட்க வேண்டியதில்லை. புகார் மலாயில் பதிவாகிறது. அம்மா தமிழில் அழுதுகொண்டே சொல்வதைப் பக்கத்து வீட்டுத் தம்பி மலாயில் சொல்ல, போலீஸ்காரர் சுருக்கித் தட்டச்சு செய்கிறார். "ஹிலாங்" என்று எழுதினால் அது காணாமல் போனவர் வழக்கு. "டித்திப்பு" என்று மட்டும் எழுதினால் தண்டனைச் சட்டம் 420ஆவது பிரிவின் கீழ் மோசடி வழக்காக வணிகக் குற்றப் பிரிவுக்குப் போய்விடும். "டிபாக்சா பெக்கர்ஜா, டிகூருங், பாஸ்போர்ட் டிராம்பாஸ்", அதாவது வேலை செய்யக் கட்டாயப்படுத்துகிறார்கள், அடைத்துவைத்திருக்கிறார்கள், கடப்பிதழைப் பறித்துவிட்டார்கள் என்று எழுதினால்தான் கோப்பு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவின் பக்கம் திரும்பும். கையெழுத்துப் போடும் முன் இந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று படித்துப் பார்க்க வேண்டும். தவறான கோப்பில் விழுந்த புகார் சரியான மேசைக்கு வந்து சேருவதற்குள் பையனை வேறு வளாகத்துக்கு விற்றிருப்பார்கள்.

புகாரில் சேர வேண்டியவை: மைகார்டில் (மலேசிய அடையாள அட்டை) உள்ளபடி முழுப் பெயர், மைகார்டு எண், கடப்பிதழ் எண், கிளம்பிய தேதி, விமான எண் அல்லது பஸ் நிறுவனம், வேலை சொன்னவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், டிக்கெட் காசு எந்தக் கணக்கிலிருந்து வந்தது, வீட்டிலிருந்து பணம் அனுப்பியிருந்தால் எந்தக் கணக்குக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு. அரட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் மட்டும் போதாது. எண்ணும் தேதியும் தெரிய, முழு உரையாடலையும் கோப்பாக ஏற்றுமதி செய்து, இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் தானாக மறையும் செய்தி வசதி ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

பையன் இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளிதான் மிக மதிப்புள்ள தகவல், அதிகம் வீணாவதும் அதுதான். வாட்ஸ்அப் நேரலை இருப்பிடம் அதிகபட்சம் எட்டு மணி நேரம்தான் நிற்கும். வந்தவுடன் வரைபடத்தில் புள்ளியை அழுத்திப் பிடித்து, எண்களாக வரும் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிக்கொள்ள வேண்டும். எல்லையோரத்தில் தாய்லாந்துக் கோபுரத்தின் அலை மியன்மாருக்குள்ளும் எட்டும் என்பதால், 66 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பையன் தாய்லாந்தில்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டக் கூடாது. இந்த ஒரு தவறால் யாங்கூன் தூதரகத்துக்குப் போக வேண்டிய தகவல் பாங்காக்கிலேயே நின்றுவிடுவதுண்டு. இரண்டுக்கும் சேர்த்தே அனுப்புவது நல்லது, புகார் எண்ணோடு, விஸ்மா புத்ரா எனப்படும் மலேசிய வெளியுறவு அமைச்சின் தூதரகச் சேவைப் பிரிவு வழியாக. 997 என்ற எண் வங்கிப் பணத்தை இழந்தவர்களுக்கானது. ஆளை மீட்க அங்கே அழைத்துப் பயனில்லை.

இரண்டு காரியங்கள் நிலைமையைக் கெடுக்கும். ஒன்று, பையன் அனுப்பிய படத்தையும் இடத்தையும் உடனே டிக்டாக்கில் போடுவது. கும்பலும் அதைப் பார்க்கிறது. இன்னொன்று, சத்தமில்லாமல் மீட்புப் பணம் கட்டுவது. சிலர் விடுபட்டிருக்கிறார்கள், சிலரைப் பணம் வந்த பிறகு அடுத்த கும்பலுக்கு விற்றிருக்கிறார்கள். பிள்ளையின் குரலைக் கேட்ட பிறகு கட்டாதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கட்டினால், கணக்கு எண்ணும் ரசீதும் போலீசிடம் போகட்டும்.

ஏனென்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் மலேசிய வங்கிக் கணக்கு. பலரும் கவனிக்காத விஷயம் இது. அட்டிப்சோம் சட்டத்தின் 3ஆவது பிரிவு, சுரண்டல் வெளிநாட்டில் நடந்தாலும் கடத்தல் மலேசியாவில் தொடங்கியிருந்தால் வழக்குத் தொடர இடம் கொடுக்கிறது. வேலை சொன்னவன் இங்கே, டிக்கெட் வாங்கிய கார்டு இங்கே, அரட்டை இங்கே, கமிஷன் விழுந்த கழுதைக் கணக்கு (கும்பல் பயன்படுத்தும் பிறர் வங்கிக் கணக்கு) இங்கே. மியன்மாரிலிருந்து ஒரு காகிதமும் வராமலே உள்ளூர் ஏஜெண்டு மீது வழக்கைக் கட்டத் தேவையானதில் பெரும்பங்கு கூப்பிடு தூரத்தில் கிடக்கிறது.

வெளிநாட்டுச் சாட்சியம் வேண்டுமென்றால் வழி இரண்டு. போலீசுக்குப் போலீஸ் தகவல் பரிமாறுவது ஒன்று: இண்டர்போல் வழியாகவோ, கோலாலம்பூரில் செயலகம் வைத்திருக்கும் ஆசியானாபோல் (ஆசியான் நாடுகளின் போலீஸ் அமைப்பு) வழியாகவோ நாட்கணக்கில் நடக்கும். ஆனால் அப்படி வந்தது துப்பு. பெரும்பாலும் அதை அப்படியே நீதிமன்றத்தில் வைக்க முடியாது. நீதிமன்றத்துக்கு வேண்டுமென்றால் பரஸ்பரச் சட்ட உதவி. 2004இல் கோலாலம்பூரில் கையெழுத்தான பிராந்திய உடன்படிக்கையும் நம் 2002ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்கு அடிப்படை. கோரிக்கை சட்டத்துறைத் தலைவர் வழியாக எழுத்தில் போக வேண்டும், என்ன குற்றம், எந்தப் பிரிவு, என்ன ஆவணம், எந்தத் தேதிக்குள் என்று துல்லியமாக இருக்க வேண்டும், மொழிபெயர்ப்பும் வேண்டும். தேதி தவறாக எழுதிய கோரிக்கை தெளிவு கேட்டுத் திரும்பி வரும். மாதங்கள் போகும்.

மீண்டு ஆற்றின் இக்கரைக்கு வந்தவனுக்கு அடுத்த சோதனை தாய்லாந்தின் விசாரணை. சமூக நல அதிகாரியும் போலீசும் சேர்ந்த குழு அவன் பாதிக்கப்பட்டவனா, சட்டவிரோதமாக எல்லை கடந்தவனா என்று பிரிக்கும். முதல் பட்டியல் என்றால் காப்பகம். இரண்டாவது என்றால் குடிநுழைவுக் குற்றச்சாட்டு, தடுப்பு மையம், நாடுகடத்தல். ஊரில் முன்கூட்டியே கொடுத்த புகாரின் நகல் கையில் இருந்தால் அவன் சொல்லுக்கு எடை கூடும். பிடிபட்ட பிறகு கொடுத்த புகாரை யாரும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். கடப்பிதழ் போனவர்களுக்குத் தூதரகம் ஒருவழிப் பயணத்துக்கான அவசரச் சான்றிதழ் தரும். கம்போடியா வழி வேறு. அங்கே முத்திரையோடு நுழைந்து தங்கும் காலம் மீறிவிடுவதால், நாளொன்றுக்கு 10 அமெரிக்க டாலர் என்று அபராதம் ஏறிக்கொண்டே போகும். மீட்ட பிறகும் ஆள் விமானம் ஏற முடியாமல் நிற்பதற்கு அதுவும் காரணம்.

வீடு திரும்பியவனை இன்னொரு கேள்வி துரத்தும்: அங்கே அவன் ஏமாற்றிய ஆட்களுக்கு யார் பொறுப்பு? ஆசியானின் ஆள்கடத்தல் தடுப்பு உடன்படிக்கை 2015இல் கோலாலம்பூரில் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது. கடத்தலோடு நேரடியாகத் தொடர்புள்ள குற்றங்களுக்காகப் பாதிக்கப்பட்டவரைத் தகுந்த நேர்வுகளில் பொறுப்பாக்காமல் விடுவதைப் பரிசீலிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் "உள்நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டு" என்ற ஒட்டோடு. நம் அட்டிப்சோம் சட்டத்தின் 25ஆவது பிரிவோ சட்டவிரோத நுழைவு, சட்டவிரோதத் தங்கல், போலிப் பயண ஆவணம் ஆகிய மூன்றுக்குத்தான் பாதுகாப்புத் தருகிறது. கட்டாயத்தின் பேரில் செய்த இணைய மோசடி அந்தப் பட்டியலில் இல்லை. 2007இல் எழுதியபோது யாரும் நினைத்துப் பார்க்காத குற்றம் அது. இந்த ஓட்டையை அடைக்காதவரை, திரும்பி வந்தவன் கும்பலுக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தயங்குவான். வாயைத் திறந்தால் அது வாக்குமூலமாகிவிடுமே.

ஆசியானுக்கு ஒரு மனித உரிமை ஆணையம் 2009 முதல் இருக்கிறது. தனிமனிதர் புகாரை எடுத்துத் தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. முடிவுகள் எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான். குடும்பங்கள் அங்கே மனு எழுதி நேரத்தைச் செலவிடுவதில் பெரிய பயனில்லை.

இதுவரை சொன்னது நம் பிள்ளைகள் வெளியே போன கதை. அதே ஊரில் செம்பனை வெட்டுவது இன்று பெரும்பாலும் வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பை அடையாளம் காண 11 குறிகள் வைத்திருக்கிறது: ஏமாற்று, நடமாட்டத் தடை, தனிமைப்படுத்தல், மிரட்டல், அடையாள ஆவணத்தைப் பிடித்துவைத்தல், சம்பளத்தை நிறுத்துதல், கடன் கட்டு என்று போகும். மியாவடி மதிலுக்கும் தோட்டத்து கொங்சிக்கும் (தொழிலாளர் தங்குமிடம்) ஒரே தாள்தான். ஏஜெண்டுக்குக் கட்டக் கடன் வாங்கி வந்து, ஆபீஸ் அலமாரியில் கடப்பிதழைக் கொடுத்துவிட்டு, கேட் தாண்ட மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) அனுமதி கேட்பவனுக்கு அதில் எத்தனை பொருந்துகிறது என்று விரல் விட்டு எண்ணலாம்.

சட்டம் இங்கே பலவீனமில்லை. இன்னொருவர் கடப்பிதழை உரிய அதிகாரமின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் சேர்ந்த 90பி பிரிவு, 2023 ஜனவரி முதல், கட்டாய உழைப்புக்கு ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. தோட்டங்கள் இப்போது தனித்தனிப் பெட்டி வைத்து, சாவியைத் தொழிலாளியிடம் தருகின்றன. தணிக்கைக்கு வருபவர் பெட்டியைப் பார்த்தால் போதாது: மாற்றுச்சாவி யாரிடம், பெட்டி இருக்கும் அறை இரவில் பூட்டப்படுகிறதா, கையெழுத்து வாங்கிய ஒப்புதல் தாள் தொழிலாளி படிக்கும் மொழியில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

பெட்டிகள் வந்ததற்குக் காரணம் மனச்சாட்சி மட்டுமல்ல. 2020 செப்டம்பரில் எஃப்ஜிவி என்ற மலேசிய நிறுவனத்தின் செம்பனை எண்ணெய்க்கும், டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷனின் எண்ணெய்க்கும் அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டது. இரண்டாவது தடை 2023 பிப்ரவரியில் நீங்கியது. அதற்குள் அந்நிறுவனம் தொழிலாளர்கள் கட்டியிருந்த ஏஜெண்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கும் அளவுக்கு வந்திருந்தது. 2021, 2022 ஆண்டுகளின் அமெரிக்க ஆள்கடத்தல் அறிக்கை மலேசியாவைக் கடைசிப் படியான மூன்றில் வைத்தது. அந்த 2022இல்தான் மலேசியா கட்டாய உழைப்பு உடன்படிக்கையின் 2014ஆம் ஆண்டு நெறிமுறையில் இணைந்தது. ஒரு நாடு தன்னிச்சையாகப் போடும் தடை அழகான ஒத்துழைப்பு அல்ல. ஆனால் பல் இருந்தது அதற்குத்தான்.

அனுப்பும் நாட்டின் கையிலும் ஒரு கடிவாளம் உண்டு. தமிழர்களுக்கு அது தெரிந்த கதை. 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்திய அரசின் ஏஜெண்டு ஒருவர் மலாயாவில் உட்கார்ந்து தோட்டத்துக் கூலியைக் கவனித்தார். கூலி வெட்டப்பட்ட சர்ச்சையில், 1938இல் இந்தியா உதவியுடன் அனுப்பப்படும் தொழிலாளர் வரத்தையே நிறுத்திவிட்டது. 2022 ஜூலையில் இந்தோனேசியா செய்ததும் அதேதான்: வீட்டுப் பணிப்பெண் ஒப்பந்தம் மீறப்பட்டதாகச் சொல்லி, தோட்டத்துக்கு வரவிருந்தவர்களையும் சேர்த்து நிறுத்தியது. அந்த மாதக் கடைசியிலேயே மலேசியா பேசித் தீர்த்தது.

அந்த வங்காளதேசத்துத் தொழிலாளி புகார் கொடுக்க வருவதும் அதே பாலாய்தான். மொழிபெயர்க்கத் தோட்டத்து டிரைவரையே கூட்டி வந்தால் முதலாளிக்குச் சங்கடமான எதுவும் தாளில் ஏறாது. தொழிற்சங்கத்தையோ அவன் தூதரகத்தையோ தொலைபேசியில் வைத்துப் பேசச் சொல்லலாம். சம்பளப் பாக்கி என்று மட்டும் பதிவானால் அது தொழிலாளர் இலாகாவுக்குப் போகும். முதலாளி பெர்மிட்டை ரத்து செய்துவிட்டால், வழக்கு முடியும்வரை அவன் ஸ்பெஷல் பாஸில் நிற்க வேண்டும். அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. "டிபாக்சா" என்ற சொல் ஏறி, நீதிமன்றம் பாதுகாப்பு ஆணை தந்தால், 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி அவன் வேலை செய்யவும் வெளியே போய்வரவும் அனுமதி கேட்கலாம். பாலாயில் தட்டச்சு செய்பவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. கூட வருபவருக்காவது தெரிந்திருக்கட்டும்.